முப்பத்தோராம் படி

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், லாரிகள் திரும்புகிற மண் ரோடு முடியும் இடத்தில், நாலு மாடியும் நாற்பத்தெட்டு வீடும் ஓடாத லிப்ட் ஒன்றுமாக நிற்கிற அன்னபூரணா குடியிருப்பில், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணி வாக்கில், கேன் தண்ணீர் போடுகிற முனிராஜ் மூன்றாவது மாடித் திருப்பத்தில் கேனை இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டு, அந்த மூச்சு முடிவதற்குள் மடிந்து தண்ணீர் மோட்டார் ஆகிவிட்டான். கால் இரண்டும் தொடையோடு சேர்ந்து உள்ளே போயின, நெஞ்சு அரை வட்டம் திரும்பியது, தலை கடைசியாகத் தாழ்ந்து தோள்களுக்கு நடுவே அடங்கியது, கழுத்தில் கிடந்த சிவப்புத் துண்டு ஒயராக நீண்டு சுவரோரம் விழுந்தது. பார்த்தவர் நாலாவது மாடி ருக்மாங்கதன். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், எதையும் வீணாகப் போக விடாத மனுஷர். ஒரு நிமிஷம் நின்று யோசித்தார். பிறகு வீட்டுக்குள் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வந்து ஒயரைச் சொருகினார்.

பதினோரு மாதமாக மேல்மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாத கட்டடம் அது. அன்றைக்கு மத்தியானம் எல்லா வீட்டிலும் தண்ணீர் கொட்டியது, பெண்கள் போர்வை, ஜமக்காளம் எல்லாவற்றையும் ஊறவைத்தார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு முனிராஜ் தானாகவே விரிந்து எழுந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, காலிக் கேன்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். ஒருத்தரும் திகைத்துப் போகவில்லையா என்று கேட்பீர்கள். திகைக்க நேரம் எங்கே இருந்தது? தண்ணீர் நிற்பதற்குள் துவைத்து முடிக்க வேண்டாமா?

அந்த வாரம் முடிவதற்குள் குளிக்கும்போது தேய்த்துப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் கோடு தட்டுப்பட்டது. காதுக்குப் பின்னால், முழங்கால் குழியில், முதுகுத்தண்டின் ஓரத்தில், தலைமுடி கனத்தில் ஒரு கோடு. நகத்தால் வருடினால் உள்ளே ஏதோ டிக்கென்று நகர்ந்து கொடுக்கும். வேதவல்லி டீச்சர் வெட் கிரைண்டர் ஆனாள். அவள் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டி ஆனார், சின்ன உருவம் என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பேக்கரியில் வேலை பார்த்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே பீரோவின் இரண்டு கதவானார்கள். ஊர் உலகமும் சும்மா இருக்குமா, அதுவும் தன் பங்குக்கு இடம் கொடுத்தது. மடிந்தவர்களுக்கு டிக்கெட்டா லக்கேஜா என்று பஸ்ஸில் பத்து நாள் தகராறு நடந்து, மடியில் வைத்துக்கொண்டால் ஒன்றும் வேண்டாம் என்று முடிந்தது. ரேஷன் கடையில் கைரேகை வைப்பதற்காவது விரிந்து வர வேண்டும் என்று போர்டு எழுதி வைத்தார்கள். கோயிலில் மட்டும் குருக்கள் பெரிய மனசு பண்ணி, மடிந்து வந்தாலும் பக்தன்தானே என்று, தூக்கிக் காட்டிய மிக்ஸிக்கும் சேர்த்துத் திருநீறு பூசி அனுப்பினார். பெண் பார்க்கப் போகிற இடத்தில், பையன் என்ன படித்திருக்கிறான் என்பதற்கு அடுத்த கேள்வி, பையன் என்னவாக மடிவான் என்பது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது மாடி கோமதிநாயகத்துக்கு யோகம் அடித்தது. யோகம் என்று அப்போது நினைத்தார்கள், அவனும் அப்படித்தான் நினைத்தான்.

நாயகத்துக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஓசூரில் பிளாஸ்டிக் சேர் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை, அச்சிலிருந்து வருகிற சேர்களைப் புரட்டிப் பார்த்து, நெரிபட்டு வெள்ளைக் கோடு விழுந்ததைத் தனியே ஒதுக்குவது. வேலை அது, ஆனால் உயிர் வேறு எங்கோ இருந்தது. உருமாறும் ரோபோ பொம்மைகள் என்றால் அவனுக்குப் பித்து. நின்றால் ரோபோ, மடித்தால் லாரி; நின்றால் ரோபோ, மடித்தால் ஜெட் விமானம், சிங்கம், பீரங்கி, டேப்ரெக்கார்டர். இருநூற்றுப் பன்னிரண்டு பொம்மை, ஐந்து தட்டு அலமாரி, அதற்கு முன்னால் ஒரு மேஜை, மேஜைக்கு மேல் கழுத்து வளைந்த ஸ்டாண்டில் ஒரு கேமரா. ஒன்பது வருஷமாக வாரம் ஒரு ரிவ்யூ போட்டான். பெட்டியைப் பிரிப்பான், ஒவ்வொரு மூட்டையும் மைக் பக்கத்தில் வைத்து டிக் டிக்கென்று அசைத்துக் காட்டுவான், படிப்படியாக மடிப்பான், ஸ்கேல் வைத்து அளப்பான், பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவான். பார்க்கிறவர்கள் ஆயிரத்து நானூறு பேர். அதில் பாதிப் பேர் திட்டுவதற்காக வருகிறவர்கள்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இரண்டு பழக்கம் உண்டு, நாயகத்துக்கும் இருந்தது. ஒன்று, மடிப்பதை விலாவாரியாகக் காட்டிவிட்டு, விரிப்பதைக் காட்டமாட்டார்கள். “பழையபடி ரோபோவா மாத்த, இதே படிகளைத் தலைகீழாச் செஞ்சாப் போதும்” என்று சிரித்துவிட்டு வீடியோவை முடித்துவிடுவார்கள். இன்னொன்று, ஏதாவது ஒரு மூட்டு மசியவில்லை என்றால் கேமராவை நிறுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி கேமராவைப் போட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த படிக்குப் போவார்கள். நாயகத்தின் அலமாரியில் நாலாவது தட்டு முழுவதும் மடிந்தே கிடந்த பொம்மைகள். விரிக்கத் தெரியாமல் விட்டது பாதி, விரித்தால் உடைந்துவிடும் என்று தொடப் பயந்தது மீதி. அது அவனுக்குத் தெரியும். துடைக்கிற அவன் மனைவி செவ்வந்திக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

தானாக மடிவதில் சங்கடம் இருந்தது. வயசானவர்களுக்கு மூச்சு வாங்கியது, சிலர் கோணல்மாணலாக மடிந்து பாதி நாற்காலியாக நின்றார்கள். அப்போது ருக்மாங்கதனுக்குத்தான் நாயகத்தின் ஞாபகம் வந்தது. டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தினார். நாயகம் கைகளைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவள் முழங்கையைப் பிடித்தான், தோளைத் திருப்பினான், இடுப்பை ஒரு சுண்டு சுண்டினான், இரண்டே நிமிஷத்தில் மேஜை மேல் பளபளவென்று கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. பழக்கதோஷம், வாயில் தானாக வந்தது: “நின்னா பத்துக்கு ஏழு. மடிஞ்சா பத்துக்கு ஒம்பது.” அந்த வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சொல்ல வேண்டுமா? வாசலில் வரிசை, மாடிப்படியில் வரிசை, லாரி திரும்புகிற ரோடு வரைக்கும் வரிசை. நாயகத்தின் கைபட்டு மடிந்தவன் என்றால் அதற்கு ஒரு மதிப்பு, அவன் வாயால் ஒன்பது வாங்கியவன் என்றால் அதற்கு மேல் ஒரு மதிப்பு. சேர் கம்பெனியில் அவனைப் பார்த்து மேனேஜர் எழுந்து நின்றார். சங்கத்துக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒன்பது வருஷம் பொம்மைக்காரன் என்று கேலி பண்ணிய வாயெல்லாம் சார் என்றது. மனுஷனுக்குத் தலை சுற்றாதா, சுற்றத்தான் செய்தது.

ஆனால் விரிக்கிற நேரம் என்று ஒன்று வந்ததே. தானாக மடிந்தவர்கள் தானாக விரிந்தார்கள், முனிராஜ் மாதிரி. நாயகம் மடித்தவர்களை நாயகம்தான் விரிக்க வேண்டியிருந்தது. கேமரா இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, தட்டித் தடவி விரித்தான். விரிந்து வந்தவர்களின் தோளிலும் கழுத்திலும் வெள்ளைக் கோடுகள் இருந்தன. சேர் கம்பெனியில் அவன் ஒதுக்கி வைக்கிற அதே கோடு. ஒருத்தருக்கு வலது உள்ளங்கை இடது பக்கமும் இடது உள்ளங்கை வலது பக்கமும் வந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை, சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறினார். அதைவிட மோசம், மிச்சம். ஆள் முழுசாக எழுந்து நின்ற பிறகு தரையில் ஒரு துண்டு கிடக்கும். புளியங்கொட்டை அளவு, சதையா எலும்பா என்று சொல்ல முடியாது, தொட்டால் சூடாக இருக்கும். எங்கே பொருந்துகிறது என்று தெரியாது. அதைத் தீப்பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவான். டீச்சருக்கு இரண்டு மிச்சம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவளுக்கு அதற்கப்புறம் பாட்டு வரவில்லை, ஆனால் ஆறு பிள்ளைகளுக்கு மாவரைத்துக் கொடுக்கிறாளே என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு சாமி படத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டிகள் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பூ வைத்தார்கள்.

அதைவிடவும் மோசம், விரிக்கச் சொல்லி யாரும் வராதது. எதிர்வீட்டுச் சின்னராசு அய்யாவை மகன்கள் இரண்டு பேரும் கூட்டிக்கொண்டு வந்து, கல்யாண வீட்டுக்கு உட்கார இடம் பத்தவில்லை என்று பெஞ்சாக மடித்துக்கொண்டு போனார்கள். கல்யாணம் முடிந்தது, மறுவீடு முடிந்தது, பெண் மாசமாகி வளைகாப்பும் முடிந்தது, பெஞ்சு பெஞ்சாகவே கிடந்தது. அவர்களைச் சொல்லி என்ன, மடித்த மாமியாரை விரிக்க அவசரப்பட்ட மருமகள் ஒருத்தியை அந்தக் கட்டடத்தில் காட்டுங்கள் பார்ப்போம். கேட்டால், நாயகம் சாருக்கு நேரம் கிடைக்கணுமே என்றார்கள். நாயகமும், நேரம் கிடைக்கட்டும் என்றான்.

செவ்வந்தி வளைகாப்புக்குப் போனபோது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, சோறு இறங்காமல், அந்தப் பெஞ்சு மூச்சு விடுகிறது என்று புருஷனிடம் சொன்னாள். இழுத்து இழுத்து விடுகிறது, நான் எழுந்ததும் இன்னும் வேகமாக விட்டது, என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது என்றாள். நாயகம் அன்றைக்கு வந்த கமெண்ட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தான். எல்லாக் கமெண்ட்டும் ஒரே கேள்விதான். சார், உங்க வீட்டம்மா என்னவா மாறுவாங்க?

செவ்வந்தி தனக்குக் கோடே இல்லை என்று சொல்லி வைத்திருந்தாள். கோடு இல்லாத உடம்பு உண்டா என்று ஜாடைப் பேச்சு கிளம்பியிருந்தது, ருக்மாங்கதன் கூட ஒருதரம், ரிவ்யூக்காரர் வீட்டிலேயே இப்படி என்றால் வெளியே என்ன பேசுவார்கள் என்று இழுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலைக்கு ஊற்றிவிட்டு முடியை முன்பக்கம் போட்டு ஆற்றிக்கொண்டிருந்தபோது, நாயகம் பின்னால் நின்று அவள் பிடரியைப் பார்த்தான். கோடு இருந்தது. ஒன்றல்ல, ஏழு. மேலிருந்து கீழே வரை ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி, அவன் ஜென்மத்தில் பார்த்திராத நுணுக்கம். பதினெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளைப் பார்க்கிற பார்வையா அது? புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது வருகிற பார்வை. அவள் திரும்பினாள், அந்தப் பார்வையைக் கண்டாள், முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

இருபது நாள் கேட்டான். சமைக்கும்போது கேட்டான், சாப்பிடும்போது கேட்டான், கொஞ்சினான், கோபித்துக்கொண்டான், பேசாமல் இருந்தான். கடைசியில் ஒரு நாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“மடிச்சிருவீங்க. விரிக்கத் தெரியுமா உங்களுக்கு?”

தெரியும் என்றான். நாலாவது தட்டைத் துடைக்கிறவளிடம் அப்படிச் சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை.

“அப்ப ஒண்ணு செய்ங்க. சங்கத்து ஹால்ல, எல்லாரும் பாக்க மடிங்க. எல்லாரும் பாக்க விரிங்க. நடுவுல கேமராவ நிறுத்தக் கூடாது. விரிக்கிறத ஒரு தடவ முழுசாப் பாத்துட்டா அவங்கவங்க வீட்டுல மடிஞ்சு கெடக்கிறவங்கள அவங்களே எழுப்பிக்குவாங்க. சின்னராசு அய்யா எந்திரிப்பாரு.”

அதற்காகத்தான் அவள் சம்மதித்தாள். அவனுக்காக இல்லை, கமெண்ட்டுக்காக இல்லை, அந்தப் பெஞ்சுக்காக. நாயகம் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். சத்தியம் பண்ணும்போதே விரல் பிடரிப் பக்கம் நகர்ந்ததை அவளும் உணர்ந்தாள்.

அடுத்த வருஷம் கார்த்திகை முதல் ஞாயிறு, காலை பத்து மணி. ஹாலில் நிற்க இடமில்லை. செவ்வந்தி செங்கல் நிறச் சேலை கட்டிக்கொண்டு, தாலியை உள்ளே போட்டுக்கொண்டு, மேஜை மேல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாயகம் கேமராவைப் போட்டு, ஒவ்வொரு படியையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே மடித்தான். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. சனம் வாயைப் பிளந்து பார்த்தது. இருபத்தைந்துக்கு மேல் எந்த மனுஷ உடம்பும் போனதில்லை, இவள் போய்க்கொண்டே இருந்தாள், அகலம் குறைந்தாள், நீளம் குறைந்தாள், முப்பதாவது படியில் முகம் உள்ளே போனது. முப்பத்தோராவது படியில் மூட்டு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் திருப்பினான், மசியவில்லை. அந்தப் பக்கம் திருப்பினான், மசியவில்லை. நெற்றியில் வியர்த்தது. கூட்டம் பார்க்கிறது, கேமரா பார்க்கிறது. ஒன்பது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமலே இடது கை போய்க் கேமராவை நிறுத்தியது. கொஞ்சம் திரும்பி நில்லுங்க, லைட் மறைக்குது என்று சனத்திடம் சொன்னான், அவர்களும் மரியாதையாகத் திரும்பி நின்றார்கள், அவன் பல்லைக் கடித்து, முழங்கையை ஊன்றி, தம் பிடித்து அமுக்கினான். உள்ளே ஏதோ நெரிந்து வழிவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினோம் என்று அவன் பார்க்கவே இல்லை. கேமராவைப் போட்டு, “முப்பத்திரண்டு” என்று தொடர்ந்தான்.

நாற்பத்து மூன்றில் முடிந்தது. செவ்வந்தி எதுவாக ஆனாள் என்று இன்றைக்கும் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஸ்கூல் பை அளவு, செங்கல் நிறம், மழமழவென்று ஒரு பொருள். சக்கரம் இல்லை, கைப்பிடி இல்லை, ஒயர் இல்லை, மூடி இல்லை. உள்ளங்கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. ருக்மாங்கதன் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, இது எதற்குப் பயன்படும் என்று கேட்டார். யாரோ கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றார்கள். மதிப்பெண் எவ்வளவு சார் என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நாயகம் மதிப்பெண் போடவில்லை. விரிக்கத் தொடங்கினான். நாற்பத்து மூன்று, நாற்பத்திரண்டு, நாற்பது. வீடியோவை முனிராஜ் பக்கத்தில் பிடித்துப் பின்னோக்கி ஓட்டிக் காட்ட, படம் பார்த்துப் படம் பார்த்து விரித்தான். முப்பத்திரண்டு வரை வந்தது. செவ்வந்தியின் வலது கை முழங்கை வரை வெளியே வந்தது, ஒரு காதும் வந்தது, கம்மல் ஆடியது. அதற்கு அடுத்தது வீடியோவில் இல்லை.

பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. இடது பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தான், செங்கல் நிறத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. வலது பக்கமாகத் திருப்பினான், இன்னொரு கோடு, அந்தக் கை துடித்து விரல்கள் மடங்கின. மூன்றாவது தரம் தொடவே அவனுக்குத் துணிச்சல் இல்லை. சனம் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆனதால் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். போகிற போக்கில் ருக்மாங்கதன் அவன் தோளைத் தட்டி, பாதிக்குப் பாதி வந்துவிட்டதே, ஒரு கை இருந்தால் போதும், வீட்டில் எத்தனையோ வேலைக்கு ஆகும் என்று ஆறுதல் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். அதைக் கேட்டபோதுதான், இன்னும் பத்து நாளில் தானும் அப்படிச் சொல்லப் பழகிவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டார்கள்.

காலி ஹாலில் அவன் குனிந்து அந்தக் காதுப் பக்கம் வாயை வைத்தான்.

“செவ்வந்தி, நான் கேமராவ நிறுத்திட்டேன். முப்பத்தோராவது படியில. எப்படித் திருப்பினேன்னு எனக்குத் தெரியல. எனக்கு விரிக்கத் தெரியாது. எப்பவுமே தெரியாது.”

ஒன்பது வருஷத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அது. கை அசையாமல் இருந்தது. பிறகு மேஜை மேல் ஊர்ந்து ஊர்ந்து வந்து அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. பிடித்து, எலும்பு எங்கே இருக்கிறது என்று பெருவிரலால் தடவிப் பார்த்து, முதலில் கீழே அழுத்தியது, அப்புறம் வெளிப்பக்கமாகக் கால்வாசி திருப்பியது, அப்புறம் ஒரே இழுப்பாக உள்ளே முறுக்கியது. அவன் அவளுக்குச் செய்ததை, அதே பலத்தோடு, அவனுக்குச் செய்தது. வலியில் அவன் மேஜை மேல் முகம் குப்புற விழுந்தான். மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கை திரும்பவும் அதையே செய்தது, மெதுவாக, அவனுக்குப் புரிய வேண்டும் என்று. மூன்றாம் தரமும் செய்தது. அவன் அழுதுகொண்டே எண்ணிப் பார்த்துக்கொண்டான், கீழே, வெளியே, உள்ளே. பிறகு அதைத் தலைகீழாக அவள் மூட்டில் செய்தான், உள்ளே முறுக்கியதை வெளியே, வெளியே திருப்பியதை உள்ளே, கீழே அழுத்தியதை மேலே. மூட்டு வழிவிட்டது. முகம் வந்தது. மற்ற முப்பது படியும் மளமளவென்று வந்தன. சாயங்காலம் மூன்றரை மணிக்குச் செவ்வந்தி மேஜையிலிருந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள்.

தரை முழுக்கத் தேடினான். மிச்சம் ஒன்றும் இல்லை. அவள் முழுசாக வந்திருந்தாள், கழுத்தைச் சுற்றி மூன்று வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அவனுக்கு வந்த சந்தோஷத்தில் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினான். கை ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே அவள் முழங்கால்கள் டிக்கென்று உள்வாங்கின, நெஞ்சு திரும்பத் தொடங்கியது, கண்கள் மட்டும் அவனைப் பார்த்தபடி வேண்டாம் என்றன. அவன் கையை இழுத்துக்கொண்டான். உடம்பு நின்றது, மெதுவாகப் பழைய நிலைக்கு வந்தது. வேறு யார் தொட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த டீச்சர் தாங்கிப் பிடித்து மாடியேற்றினாள், ஒன்றும் ஆகவில்லை. அவன் டம்ளரை நீட்டினால் விரல்கள் மடியத் தொடங்கின. அவள் மனசு மன்னித்ததா இல்லையா என்பது வேறு பேச்சு. உடம்பு அதைக் கேட்கவில்லை.

நாயகம் அந்த வீடியோவை வெட்டாமல் போட்டான். எந்த இடத்தில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன், இத்தனை வருஷமும் எத்தனை தரம் நிறுத்தினேன் என்று வாயால் சொல்லி, மதிப்பெண் கிடையாது என்று முடித்தான். எழுபது பேர் பார்த்தார்கள். ஆனால் செவ்வந்தி சும்மா இருக்கவில்லை. உள்ளே போய் வந்தவளுக்கு, மடிந்து கிடப்பவர்கள் எங்கே நெரிபட்டிருக்கிறார்கள் என்று தொட்டாலே தெரிந்தது. முதலில் எதிர்வீட்டுக்குப் போனாள். மகன்கள் தடுத்தார்கள், இன்னும் நாலு நாள் போகட்டும் என்றார்கள். அவள் பெஞ்சின் மேல் கையை வைத்து, மூச்சு எங்கே முட்டுகிறது என்று காதால் கேட்டுக் கேட்டு விரித்தாள், சின்னராசு அய்யா எழுந்து உட்கார்ந்து, மகன்களைப் பார்க்காமல், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அப்புறம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சில வீட்டில் வரவேற்றார்கள், பல வீட்டில் கதவைத் திறக்கவில்லை, தட்டிக்கொண்டே நின்றாள். தீப்பெட்டிகளை வாங்கி, எந்தத் துண்டு எங்கே என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினாள். டீச்சருக்கு ஒன்று பொருந்தியது, இன்னொன்று பொருந்தவில்லை. நாயகம் கூடவே போனான், பத்தடி பின்னால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. பையை அவன் தூக்கி வந்து கீழே வைத்து விலகி நிற்பான், அவள் எடுத்துக்கொள்வாள். சாப்பாட்டை அவள் வைத்துவிட்டு விலகுவாள், அவன் வந்து உட்காருவான். அப்படி ஒரு குடித்தனம்.

கார்த்திகைக் கடைசியில் அடைமழை. ஒரு மத்தியானம் மழை கொஞ்சம் விட்டபோது மொட்டைமாடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த துணிகளை எடுக்க இரண்டு பேரும் போனார்கள், அவள் முன்னால், அவன் பின்னால். தளம் முழுக்கப் பாசி. அவள் ஒரு கை நிறையத் துணியோடு கொடிக்கு அந்தப் பக்கம் திரும்பினாள், கால் வழுக்கியது. விழப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது, விழுகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் விளிம்பு இருப்பதும் தெரிந்தது. அவன் கை தானாக முன்னால் பாய்ந்தது, அவள் இடுப்புக்கு ஒரு சாண் தூரம் வரை போனது. அங்கே அவன் அதை நிறுத்தினான். முழு பலத்தோடு நிறுத்தி, இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டான். அவள் விழுந்தாள். நெற்றி விளிம்பில் மோதிய சத்தம் அவனுக்குக் கேட்டது.

துணிகள் சிதறிக் கிடந்தன. செவ்வந்தி புரண்டு, ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தாள். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள், இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் மடியவில்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“நல்லவேளை,” என்றாள், “நீங்க பிடிக்கல.”

அவள் கொடிக்கம்பத்தைப் பிடித்துத் தானாக எழுந்திருக்கும் வரைக்கும் நாயகம் அதே இடத்தில் நின்றான். அழுகை கொட்டியது. முகத்தைத் துடைக்கக்கூட அவன் கையை முன்னால் எடுக்கவில்லை.